கருப்பிக்குப் பெரிய சக்கரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். மதியம் மழை. துணி காயவில்லை.

எருமை முதுகு என்று நாங்கள் சொல்லும் சரிவில் கருப்பி இன்று மூன்று தடவை உருண்டாள். மூன்று தடவையும் எல்லோரும் பார்க்கும்போது. உலு திராமில் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிய செம்மண் மேடு இருக்க, அந்த ஒரு பக்கச் சரிவில்தான் அவளுக்குப் படுக்க வேண்டும். நேர் ஏற்றம் ஏறுகிறாள். கல் ஏறுகிறாள். மரவேர் ஏறுகிறாள். சரிவில் குறுக்கே போகச் சொன்னால் மட்டும் நான்கு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டுகிறாள். ரிமோட் காருக்குப் பெயர் வைத்ததற்கே வீட்டுக்காரர் குணா சிரிக்கிறார். அது உருண்டால் கேட்கவே வேண்டாம்.

முரளி இன்று அறிவித்தார். ஏர்கோன் பழுது பார்ப்பவர், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குத் தலைவர் மாதிரி. 24ந்தேதி சிம்பாங் ரெங்கம் குழு போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறது. குழுவுக்கு நான்கு கார். முரளி, குணா, சந்திரன் என்று மூன்று முடிவாகிவிட்டது. நாலாவது யார் என்றார். நான் கை தூக்கினேன்.

முரளி குணாவைப் பார்த்தார். பிறகு கட்டின புருஷன் வாயைத் திறந்தார்.

“நீ சாப்பாட்ட பாத்துக்க சுமா. உன் நாசி லெமாக்குக்குத்தான் அவனுங்க நம்மள கூப்புட்றானுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. ஏன் சிரித்தேன்?

பாய், தண்ணீர், தேநீர் பிளாஸ்க், சாப்பாட்டுப் பொட்டலம். இத்தனை நாளாக என் வேலை அது. குணா புதுக் கார் வாங்கிப் பழசை மூலையில் போட்ட பிறகு நான் எடுத்து ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்று ஒருவருக்கும் மனசில் பதியவில்லை. நேரம் போக்குகிறேன் என்று நினைப்பு.

கிளம்பும்போது முரளி வந்து, “கோச்சுக்காதீங்க லா அண்ணி. 17ந்தேதி ஒரு ட்ரையல் வைப்போம். நீங்களும் நம்ம குழு தினேஷும். எருமை முதுக யாரு முழுசா தாண்டுறீங்களோ அவங்க நாலாவது” என்றார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற குரல். கொடுத்தால் கொடுக்கட்டும். வாங்கிக்கொண்டேன்.

வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன். தலைவலியா என்று கேட்டார் குணா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

வேலை முடிந்து வந்து கருப்பியை மேசையில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒல்லி. உயரம். சக்கரம் சின்னது, உள்ளே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இவள் விழாமல் என்ன செய்வாள்? பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்காவிட்டால் நான் காலை அகட்டி நிற்பேன். அதைத்தான் இவளும் செய்ய வேண்டும்.

குணாவிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக் கொடுப்பார். அப்புறம் கருப்பி ஏறினால் அவர் ஏற்றியதாக ஆகும். இந்த ஒன்று என்னுடையதாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் லீவு. மேலாளரிடம் பல் வலி என்றேன்.

ஜோகூர் பாருவில் ரிமோட் கார் சாமான் விற்கும் மாடிக் கடை. ‘பொம்மைக் கடை’ என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும் கடைக்காரச் சீனருக்கு. கருப்பியை அவர் முன்னால் வைத்து, விழுகிறாள் என்று மலாயில் சொன்னேன். கையால் சாய்த்துப் பார்த்தார். ‘அதுதானே’ என்று தலையை ஆட்டினார். உள்ளே போய் ஒரு ஜோடி அல்ல, நான்கு பெரிய சக்கரம் கொண்டுவந்தார். யாரோ கழற்றி விற்ற பழசு. வேறு பெரிய வண்டிக்கு உரியது. ரப்பர் அத்தனை மெத்து. அழுத்தினால் சப்பாத்தி மாவு.

போட்டுப் பார்த்தார். நடு ஓட்டை பொருந்துகிறது. ஆனால் அந்தச் சக்கரத்தின் வயிறு உள்பக்கம் போகிறது, போய் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. சுற்றவே இல்லை. என் முகம் விழுந்துவிட்டது.

“போலே, போலே” என்றார். முடியும், முடியும்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தார். நீல நிற அலுமினியம். கட்டைவிரல் கணு அளவு. ஹப் எக்ஸ்டெண்டர். சக்கரம் மாட்டும் அச்சு முனையில் இதைச் செருகிவிட்டால், சக்கரம் இதன் மேல் உட்காரும். அவ்வளவும் வெளியே தள்ளி உட்காரும். வயிறு ஸ்பிரிங்கில் இடிக்காது. காலும் அகலும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சின்னது, பெரியது என்று இரண்டு அளவு. அவர் சின்னதைக் காட்டினார். நான் பெரியதைக் கேட்டேன். இரண்டு முறை சின்னதைத் தள்ளிக் காட்டினார். நான் இரண்டு முறையும் பெரியதைத் தொட்டேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாட்டும் வரிசை (மறந்துவிடுவேன், எழுதி வைக்கிறேன்):
பழைய நட்டைக் கழற்று. பழைய அறுகோணத் துண்டை உருவு. குறுக்கே ஓடும் ஊசி பத்திரம். எக்ஸ்டெண்டரை ஊசி மேல் உட்காரும்படி தள்ளு. பக்கத்துத் திருகாணி கழலாமல் இருக்க நீலப் பசை, ஒரு சொட்டு. இறுக்கு. சக்கரம். வெளி நட்டு. சுற்றிப் பார்.

‘ஊசி பத்திரம்’ என்று இப்போதுதான் எழுதுகிறேன். அரிசி நீளம்கூட இல்லாத ஊசி, இடது பின் சக்கரத்து ஊசி, விழுந்து ஓடிவிட்டது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மீன் பொம்மைக் காந்தத்தை எடுத்துத் தரை முழுக்கத் தேய்த்தேன். குணா உள்ளே வந்து பார்த்தார். மீன் வயிற்றில் ஊசியும் ஒரு பழைய காகிதக் கிளிப்பும்.

“என்னா பண்ற?”

“சக்கரம் மாத்துறேன்.”

“ஆடி மாசத்துல புதுசா சக்கரமா?”

“பழைய சக்கரம்தாங்க. செகண்ட் ஹேண்ட்.”

சிங்கப்பூர் வேலைக்குப் போய் வந்த களைப்பு. குளித்துப் படுத்துவிட்டார். ஆனால் போகும்போது நீல அலுமினியத்தை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தேன்.

மாட்டி முடித்ததும் கருப்பியைத் தரையில் வைத்தேன். அம்மாடி! நண்டு மாதிரி அகன்று நிற்கிறாள். பக்கத்தில் விரலால் தள்ளினேன், அசையவில்லை. பலமாகத் தள்ளினேன். வீடே சரிந்தாலும் விழமாட்டாள் போலிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

மேகமூட்டம்.

முரளி குழுவில் செய்தி போட்டிருக்கிறார். சிம்பாங் ரெங்கத்தில் பாதை நடுவே குச்சி வாசல்கள் உண்டு. குச்சி விழுந்தால் அந்தக் கார் வெளியே. வாசல் அகலமும் அனுப்பியிருந்தார். கறி வாட்டும் சாத்தே குச்சி இரண்டைச் சோப்புக்கட்டியில் குத்தி அதே அகலத்துக்கு வைத்தேன். கருப்பியை விட்டேன்.

இரண்டு குச்சியும் விழுந்தன.

இன்னொரு முறை. இரண்டும்.

பேராசைப்பட்டவள் நான்தான். சீனர் சின்னதைத் தள்ளித் தள்ளிக் காட்டினாரே, கேட்டேனா? மறுபடி பஸ். மறுபடி மாடி. சீனர் மாற்றிக் கொடுத்தார். என் பெயர் எழுதிய பையில் சின்னதை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார் மனுஷன்! கோபம் வந்தது, அப்புறம் கோபம் போய்விட்டது.

சின்னது போட்டாயிற்று. குச்சி வாசலில் நூல் இடைவெளி விட்டுப் போகிறாள். ஆனால் முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் டயர் உள்விளிம்பு ஸ்பிரிங்கில் உரசுகிறது. கர்ர்ர். பெரியது வாசலுக்கு ஆகாது, சின்னது திரும்ப ஆகாது. நடு அளவு கடையில் கிடையாது. எட்டு நாள்தான் இருக்கிறது.

சமைக்கப் பிடிக்கவில்லை. முட்டை பொரித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று தொழிற்சாலையில் வரிசையில் நின்றுகொண்டே தோன்றியது. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவுவது என் வேலை. நாள் முழுக்கச் சீவுகிறேன். வீட்டில் ஒரு டயர் ஓரம் உரசுகிறது. அதை நினைத்து மூன்று நாளாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். புத்தி வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறேன் போல.

வந்ததும் சீவினேன். முன் சக்கரம் இரண்டிலும் உள்பக்கத்து வரிசை ரப்பர் பட்டன்கள். ஒவ்வொன்றாக, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பு. ரப்பர் சுருள் சுருளாக விழுந்தது. வேலையில் சீவும்போது வராத இன்பம்.

முழுக்கத் திருப்பினேன். சத்தம் இல்லை. இடது. வலது. இடது. உரசவே இல்லை.

குணாவை எழுப்பிக் காட்டலாம் என்று கதவுவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எங்கள் தாமான் குடியிருப்புப் பூப்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் புல் மேடு. பெரிய கால்வாயை நோக்கிச் சரியும். எருமை முதுகைவிடச் செங்குத்து. மழை பெய்து வழுக்கிக் கிடந்தது. நல்லதாயிற்று.

கருப்பியைக் குறுக்கே விட்டேன். பாதி வந்தாள். மேல் பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கியது. பழைய கருப்பியாக இருந்தால் அங்கேயே சங்கு. தூக்கிய சக்கரம் நிதானமாகக் கீழே இறங்கியது. தொடர்ந்து நடந்தாள். ஓட்டம் இல்லை, நடை! கடைசிவரை!

“அலமாக்!” என்று பின்னால் ஒரு குரல். பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா, குப்பை கொட்ட வந்தவர், பையோடு நிற்கிறார். மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மறுபடி. ஏழெட்டுத் தடவை ஓட்டியிருப்பேன். ஒரு தடவைகூட விழவில்லை. ரோஸ் அக்கா கை தட்டினார். குப்பைப் பை இன்னும் கையில்.

சந்தோஷம். அவ்வளவுதான் எழுத முடிகிறது. பயங்கர சந்தோஷம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. வானம் சுத்தம்.

காலையில் பூசை போட்டேன். சக்கரம் மாற்றினால் சின்ன எலுமிச்சை வைத்து அதன் மேல் ஏற்றி எடுத்த பிறகுதான் மேட்டில் விட வேண்டும் என்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. இப்போது முரளியே எலுமிச்சை மறந்தால் வீட்டுக்குத் திரும்புகிறார். நான் ஒரு படி மேலே போனேன். சக்கரத்தை எல்லாம் கழற்றி, நான்கு எக்ஸ்டெண்டர் முகத்திலும் கெட்டியாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம். வெளியே வைத்தால் சிரிப்பார்கள். உள்ளே வைத்துவிட்டு மேலே சக்கரத்தை மாட்டிவிட்டேன். சாமிக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. எலுமிச்சை நான்கும் நசுங்கின. கற்பூரம் காட்டினேன். குணா காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மேடு. தினேஷ் முதலில். நல்ல பையன், நல்ல கை. முக்கால்வாசி தாண்டி, கடைசிப் பள்ளத்தில் மெதுவாக மல்லாந்தான். கார்தான், அவன் இல்லை. அவனும் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

என் முறை. கருப்பியின் அகலத்தைப் பார்த்து சந்திரன் ‘ஓ’ என்றார். நாலடி போயிருப்பாள். வலது முன் சக்கரம் ஆடுகிறது. குடிகாரன் நடை. நிறுத்தலாமா என்று நினைக்கும்போதே நட்டு கழன்று, சக்கரம் தனியாகச் சரிவில் உருண்டு, துள்ளி, கீழே வாய்க்காலில் போய் விழுந்தது.

என்ன சிரிப்பு! தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அப்போது பார்த்தால் குணா ஓடுகிறார். மேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கி, வாய்க்காலில் முழங்கால்வரை இறங்கி, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒரு செருப்பு போய்விட்டது. சிரிக்கவில்லை. என் கையில் கொடுத்தார்.

“பாரு. ஏன் கழண்டுச்சுன்னு நீயே பாரு.”

பார்த்தேன். சக்கரத்தின் அறுகோணக் குழிக்குள் சந்தனம். காலையில் களி, இப்போது காய்ந்து சிமெண்ட். அது மேலே உட்கார்ந்துகொண்டதால் சக்கரம் முகத்தோடு முகம் ஒட்டவில்லை. சாய்ந்து நின்றது. சாய்ந்ததால் ஆடியது. ஆடியதால் நட்டு. எவ்வளவு பக்தியாக எனக்கு நானே குழி வெட்டியிருக்கிறேன்!

மறைத்து என்ன பயன். எல்லோருக்கும் காட்டினேன். முரளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சாமி குத்தம் இல்ல அண்ணி, சந்தனக் குத்தம்!” என்றார். இந்தத் தடவை நான் சிரித்த சிரிப்பு வேறு. உள்ளிருந்து வந்தது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “முரளி அண்ணே, கார் உருளல. சக்கரம்தான் கழண்டுச்சு. இன்னொரு தடவ விடுங்க.”

முரளி தினேஷைப் பார்த்தார். தினேஷ், “விடுங்கண்ணே. நானும் பாக்கணும் அந்த வீல” என்றான். அவனுக்குக் கோடி புண்ணியம்.

ஊக்கு ஒன்றை வைத்து நான்கு சக்கரத்தின் குழியையும் சுரண்டினேன். எக்ஸ்டெண்டர் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தேன். சக்கரத்தை வைத்து அழுத்தியபோது ‘டக்’ என்று உட்கார்ந்தது. இந்த ‘டக்’ காலையில் கேட்கவில்லை. கேட்காததைக் கவனிக்கவில்லை. நட்டு. இறுக்கம். சுற்றிப் பார்த்தேன். நேர்.

போனாள். எருமை முதுகின் வளைவில் சாய்ந்தாள். மேல் சக்கரம் தூக்கியது. இறங்கியது. தினேஷ் விழுந்த பள்ளம். ஒரு சக்கரம் உள்ளே, ஒரு சக்கரம் விளிம்பில். கொஞ்சம் பின்னால் எடுத்தேன். திருப்பினேன், உரசல் இல்லை. ஏறினாள். தாண்டினாள்!

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. “டேய்!” என்று கத்தியதாகத் தினேஷ் சொல்கிறான். யாரை என்று தெரியவில்லை. எல்லோரையும்தான் போல.

நாலாவது கார் கருப்பி.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. வேலையில் கைவலி.

குணா இன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அந்த எக்ஸ்டெண்டர் எங்க வாங்குன?”

“ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

சொல்லவில்லை. போட்டிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதுவரை தவிக்கட்டும்.

ஆகஸ்ட் 23, சனி

நட்டு எல்லாம் சரிபார்த்தாயிற்று. உதிரி ஊசி இரண்டு. உதிரி நட்டு. பேட்டரி சார்ஜில். எலுமிச்சை உண்டு, சந்தனம் கிடையாது.

நாளை சாப்பாடு நான் செய்யவில்லை என்று குழுவில் எழுதிவிட்டேன். பிறகு சந்திரன், வழியில் கடையில் பொட்டலம் தாப்பாவ் பண்ணிக்கலாம் என்று போட்டார். உலகம் இடிந்து விழவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

சிம்பாங் ரெங்கம். அன்னாசித் தோட்ட ஓரம். நேற்றைய மழையில் மண் சிவப்புக் குழம்பு. அவர்கள் போட்ட பாதையில் கடைசியில் ஒரு சரிவு, குறுக்கே போக வேண்டும், சரிவின் நடுவில் குச்சி வாசல். குனிந்து அதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் தோன்றியது: இது எனக்காகவே போட்டது.

அவர்களில் ஒருவர் அதைத் தாண்டினார், குச்சியைத் தட்டாமல், ஆனால் நாலைந்து தடவை பின்னால் எடுத்துத் திருப்பி. மற்ற மூவரும் விழுந்தார்கள். எங்களில் சந்திரன் உருண்டார். முரளி குச்சியைத் தட்டினார். குணா வாசலைத் தாண்டிவிட்டு, தாண்டிய சந்தோஷத்தில் வேகம் வைத்து உருண்டார். மிச்சம் நான்.

கருப்பியை இறக்கியதும் அந்தப் பக்கத்தில் ஒருவர் குணாவிடம், “என்னா பாஸ், ஒய்ஃப் ஓட்டுறாங்களா? ஜாலியா இருக்கட்டும் லா” என்றார். குணா எனக்கு வழி விட்டார். தள்ளி நின்றார்.

அவசரப்படவில்லை. நடை. கல், வேர், முதல் வாசல், சேறு. சரிவு வந்தது. சாய்ந்தாள். கீழ்ப்பக்கச் சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து பிடித்தன. வாசல். இடப்பக்கக் குச்சிக்கும் டயருக்கும் நடுவில் ஒரு நூல். பெரியதைப் போட்டிருந்தால் இங்கே முடிந்திருக்கும். பழைய சக்கரமாக இருந்தால் இதற்கு முன்பே. தாண்டினாள். குணா உருண்ட இடம். வேகம் வைக்கவில்லை. வைக்கவே இல்லை. மெதுவாக, மெதுவாக, கோட்டைத் தொட்டாள்.

அவர்களில் தாண்டியவரைவிட நேரம் குறைவு. நாங்கள் ஜெயித்தோம். நான் ஜெயித்தேன். இரண்டாவது வாக்கியத்தை மறுபடி எழுதுகிறேன்: நான் ஜெயித்தேன்.

அவர்கள் குழு முழுக்கக் கருப்பியைச் சுற்றிக் குந்திவிட்டது. அதே பாஸ்காரர் குணாவிடம், “பாஸ், வீல்ல என்னா மாட்டுனீங்க? சொல்லுங்க லா” என்றார்.

“எனக்கு என்னாங்க தெரியும்? நான் வாய்க்கால்ல இறங்கி வீல் பொறுக்குனவன். அவங்களதான் கேளுங்க.”

என்னைக் கேட்டார்கள். சக்கரத்தைக் கழற்றிக் காட்டினேன். எக்ஸ்டெண்டர், ஊசி, பசை, சீவிய ஓரம், எல்லாம் சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர் லெட்சுமி. அவர்கள் குழுவுக்கு மீகூன் சேமியா பிரட்டிக் கொண்டுவந்தவள், கையில் இன்னும் கரண்டி. கருப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ரிமோட்ட ஒரு தடவ புடிச்சுப் பாக்கலாமா?”

கரண்டியை வாங்கிக்கொண்டு ரிமோட்டைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் அழுத்தினால் முன்னே போகும் என்று கேட்கக்கூட இல்லை. அழுத்திவிட்டாள். கருப்பி சீறிப் போய், மேட்டில் மோதி, குப்புற விழுந்தாள். லெட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் புருஷன், “ஏய் லெட்சுமி, அங்க என்னா பண்ற? வந்து பரிமாறு!” என்று கத்தினார்.

“இருங்க, அவங்க ஓட்டிக்கிட்டு இருக்காங்க!” என்று நான் திருப்பிக் கத்தினேன்.